ஊதாப் புள்ளி

அரிசியில் வண்டு தானாக வரும் என்று நான் சொன்ன அன்றுதான் அவள் முதல்முறையாக என் மேல் எரிந்து விழுந்தாள்.

அடையாற்றில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில், வேதியியல் துறையில், நாங்கள் இரண்டு பெண்களும் மாணவிகளுக்குச் சோதனை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். ஏறக்குறைய ஒரே வயது. அதனால்தான் ‘அவர்’ என்று எழுதவில்லை. எழுதினால் அதற்கும் திட்டுவாள். லேபை ஒட்டிய சின்ன அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் சொன்னேன்.

“மழை ஆரம்பிச்சா போறும், ஆத்துல அரிசி டின் பூரா வண்டு. தானா வந்துடறது.”

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டாள். “தானான்னா?”

“தானான்னா தானாத்தான்.”

“எம்.எஸ்ஸி. படிச்சிருக்க. வாயில என்ன வருதுன்னு பாரு. எது போட்ட முட்டை, எப்ப போட்டுச்சு, எப்படிப் பொரிஞ்சுச்சு? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லேன், ஏளா. அது என்ன கேவலமா? தானா வந்துச்சுன்னு சொல்லுததுதான் கேவலம்.”

அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால்தான். ஆனாலும் கோபம் வந்தால் பேச்சு நேராக அப்பாவின் ஊருக்குப் போய்விடும். தினமும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரே அரிசியை இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் கொண்டுவந்தாள். ஒன்றை லேப் அடுப்பில் நன்றாகச் சூடாக்கினாள். இன்னொன்றை அப்படியே விட்டாள். இரண்டையும் மெழுகு வைத்து மூடி, என் கண்ணுக்கு நேரே அலமாரியில் வைத்தாள். ஒன்றரை மாதம் போனது. சூடாக்காத புட்டியில் வண்டு ஊர்ந்தது; மற்றதில் ஒன்றுமில்லை. புட்டிகளை என் மேஜைக்கு நகர்த்தி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க அவள் மேல் எனக்குக் கோபம். இப்போதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அது அவள் மேல் இல்லை.

ஆள் ஒல்லி. வேகமாக நடப்பாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி ஊக்குக் குத்தியிருப்பாள். லேபில் வளையல் போடமாட்டாள். வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைகிறாள் என்று அவள் அம்மா தினம் சண்டை பிடிப்பார். இடது மணிக்கட்டில் அமிலம் தெறித்த தழும்பு ஒன்று உண்டு. அவளுடைய லேப் நோட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். நடுநடுவே ஒரு சொல் மட்டும் தமிழில், பெரிதாக, அடிக்கோடு போட்டு: ‘தெரியாது.’ மாணவிகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சொல்லை எழுத அவளுக்குக் கை கூசியதே இல்லை. கூசியவர்களைக் கண்டால்தான் ஆகாது.

சந்திரனில் மனிதன் இறங்கிய வருஷம் அது. ஊரில் எல்லாருமே விஞ்ஞானம் பேசினார்கள். எங்கள் துறைத் தலைவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய் வந்த கையோடு, உலகத்தில் உயிர் தோன்றிய விதத்தை நம் லேபிலேயே செய்து காட்ட வேண்டும் என்றார். செய்யச் சொன்னது அவளை. என்னை உதவிக்குப் போட்டார்.

இரண்டு கண்ணாடிக் குடுவைகள். கீழே இருப்பதில் தண்ணீர் கொதிக்கும், அது கடல். மேலே இருப்பதில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன். அது மூச்சு விட யாருமே இல்லாத காலத்துக் காற்று. அதற்குள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நீலப் பொறி பறந்துகொண்டே இருக்கும், அது மின்னல். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, மழையாகக் கீழே இறங்கும். இப்படியே ஒரு வாரம். முடிவில் அந்தத் தண்ணீரில் அமினோ அமிலங்கள் கிடைக்கும். நம் உடம்பின் புரதமெல்லாம் அவற்றைக் கோத்துக் கட்டியதுதான். உயிரில்லாத சரக்கிலிருந்து உயிரின் சரக்கு கிடைப்பதை வெளிநாட்டில் முன்பே செய்து காட்டியிருந்தார்கள். சென்னையில் நாங்கள் கேள்விப்பட்டு யாரும் செய்ததில்லை.

வேலை தொடங்கிய செய்தி பரவியதும் ஆசிரியர் அறையில் கூட்டம். சம்ஸ்கிருதம் நடத்துகிறவர் கேட்டார்: “அப்போ பகவான் இல்லேங்கறேளா?”

“சார், அம்மோனியா பாட்டிலை யாரோ மூடாம போயிருக்காங்க. யாருன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு இப்ப அதுதான் கேள்வி.”

கறுப்புச் சட்டை போடும் பொருளாதார ஆசிரியர் மேஜையைத் தட்டினார். “சரியாச் சொன்னீங்க! விஞ்ஞானம் நிரூபிச்சாச்சு!”

“ஒண்ணும் நிரூபிக்கல. இன்னும் கண்ணாடியே வந்து சேரல. உட்காருங்க.”

இரண்டு பேருக்கும் அன்றோடு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

மீத்தேன் எப்படிக் கிடைக்கும் என்று யோசித்து, ஒரு சனிக்கிழமை காலை என்னை அடையாற்று முகத்துவாரத்துக்கு இழுத்துப் போனாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் நிரப்பிய புட்டியை, வாயில் புனலோடு தலைகீழாகப் பிடிக்க வேண்டியது என் வேலை. அவள் கம்பால் சேற்றைக் குத்துவாள். கொப்புளம் கொப்புளமாக வரும் வாயு புட்டிக்குள் ஏறும். வலையோடு வந்த மீனவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“இன்னாம்மா தேடிக்கினு கீறீங்கோ? மோதிரம் எதுனா உய்ந்துச்சா?”

“காத்து பிடிக்கோம்” என்றாள்.

“காத்தா? அதான் மேலயே சொம்மா வீசிக்கினு கீதே!”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எட்டுப் புட்டி பிடித்தோம். காலெல்லாம் சேறு, பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. திங்கட்கிழமை லேபுக்குப் போனால், அவள் ஒவ்வொரு புட்டியாக ஜன்னலுக்கு வெளியே திறந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி பண்றே? அவ்வளவு பாடுபட்டோமே!”

“சேத்துக்குள்ள கிருமி இருக்கு. செத்த இலையைத் தின்னுட்டு அது விட்ட வாயு இது. உயிர் விட்ட வாயுவை வச்சு, உயிரில்லாததுல இருந்து வந்துச்சுன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? எனக்கு எங்க போச்சு புத்தி?”

தன்னைத்தானே அப்படித் திட்டிக்கொண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்புறம் லேபிலேயே சோடியம் அசிடேட் உப்பையும் சோடாச் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி மீத்தேன் தயாரித்தாள்.

குடுவைகளைக் கிண்டி தொழிற்பேட்டையில் கண்ணாடி ஊதுகிறவரிடம் செய்து வாங்கினோம். ஓர் இணைப்பில் மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் வெடிக்கும். மூன்று முறை திருப்பி அனுப்பினாள். குழாய், மூடி, இடுக்கி எல்லாவற்றையும் ஆவியில் அவித்துக் கிருமி நீக்கப் பெரிய குக்கர் தேவைப்பட்டது. அப்பா கடையிலிருந்தே எடுத்து வந்தாள். எடுக்கப்போன அன்று நானும் கூட இருந்தேன்.

அவர் என்னிடம் சொன்னார்: “பாத்தியாம்மா, இத்தனை வருசத்துல எம்மவ கடைக்கு வந்து ஒரு கரண்டி கேட்டதில்ல. குக்கர் கேக்காளே, மாப்பிள பாத்துட்டாளோன்னு நினைச்சிட்டேன். கண்ணாடி அவிக்கவாம்ல!”

“சிரிக்காதீங்கப்பா. பெருசா இருக்கதை எடுங்க” என்றாள்.

லேப் உதவியாளர் புதுப்பேட்டைக்காரர், ஐம்பது வயது. அவரை மட்டும் அவள் திட்டி நான் கேட்டதில்லை. பொறி பறக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் அவர் ஓடி வந்தார்.

“மேடம், தண்ணி கலரு மாறிக்கினு வருது. டீத்தண்ணி கணக்கா கீது!”

போய் நின்றோம். கண்ணாடிக்குள் தண்ணீர் வெளிர் மஞ்சளாகி இருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

“ஏம்மா, இதுல உசுருக்குண்டான சரக்கு வர்துன்னா, இன்னா சொல்றது, கூவத்துலயும் கொளத்துலயும் டெய்லி புச்சா உசுரு வரணுமே. ஏன் வர்ல?”

அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். “அண்ணாச்சி கேட்டது கேள்வி! இந்தக் காலேஜ்ல ஒருத்தரும் கேக்கல. அன்னைக்கு இதைத் திங்க ஆளில்ல, அண்ணாச்சி. காத்துல ஆக்சிஜனும் இல்ல அரிச்சுப்போட. வந்தது வந்தபடி கடல்ல கிடந்து சேர்ந்துச்சு, யுகக்கணக்கா. இன்னைக்கு வந்தா, வந்த நிமிசமே ஏதாவது கிருமி தின்னுட்டுப் போயிரும்.”

“செரி, சேந்துச்சு. அப்பால?”

“அப்பால எப்படி உசுராச்சுன்னு தெரியாது.”

“இன்னா மேடம், அதான மெயினு!”

“ஆமா. அதான் தெரியாது.”

அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போனார். மற்ற யாருக்கும் அந்தப் பதில் போதவில்லை. எங்கள் தலைவருக்குச் சுத்தமாகப் போதவில்லை.

ஏழாம் நாள் பொறியை நிறுத்தினோம். தண்ணீரில் ஒரு சொட்டை நீளமான வடிகட்டும் தாளின் அடியில் வைத்து, தாளைக் கரைப்பானில் நிறுத்தினால், அதில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மேலே ஏறும். பிறகு நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடாக்கினால், அமினோ அமிலம் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறம் தெரியும். தாளைக் கையாண்டது நான். தெளித்தது அவள். அடுப்பிலிருந்து எடுத்தபோது ஆறு ஊதாப் புள்ளிகள், வரிசையாக, அழகாக. உச்சி ஓரத்தில் மட்டும் ஏழாவதாக ஏதோ ஒரு கறை.

தலைவர் ஓடி வந்து பார்த்தார். கண்ணில் நீர். அன்று மாலையே கல்லூரி டிரஸ்ட் செயலாளருக்குப் போன் போட்டார். மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் கூட்டம் நிச்சயமாயிற்று. தலைப்பு, ‘நம் கல்லூரியில் உயிரின் பிறப்பு.’

“சார், ப்ளாங்க் பண்ணல” என்றாள். எல்லாம் அதேபோல் வைத்து, பொறி மட்டும் இல்லாமல் இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் ப்ளாங்க். அதில் எதுவும் வரக்கூடாது.

“பண்ணலாம்மா, பண்ணலாம்” என்றார்.

அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களை நல்லவர்கள் என்று நம்பும் ஊர் இது. அவளைப் போலக் கத்துகிறவர்களைப் பைத்தியம் என்று நம்பும்.

அவள் உடனே ப்ளாங்க் ஓட்டினாள். ஒரு வாரம். அந்தத் தாளையும் நான்தான் கையாண்டேன். அடுப்பைத் திறந்து எடுத்துப் பார்த்தாள். அதே ஆறு புள்ளிகள், அதே இடங்களில். உச்சியில் அதே கறை. இந்த முறை இன்னும் தெளிவாக. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கறைக்குள் கோடு கோடாகச் சுழி இருந்தது.

“இங்க வா. கையைக் காட்டு.”

என் வலது கட்டை விரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு குறுக்கே ஓடும். புதிய தாள் ஒன்றில் அந்த விரலை அழுத்தச் சொன்னாள். மருந்தைத் தெளித்தாள். ஐந்து நிமிஷம் அடுப்பில் வைத்தாள். ஊதா நிறத்தில் என் ரேகை வந்தது, குறுக்கே வெள்ளையாகத் தழும்பு. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மனித வேர்வையில் அமினோ அமிலம் உண்டு. முன்பே படித்திருந்தேன். உச்சியில் நான் பிடித்த இடத்தில் ரேகை அப்படியே நின்றிருக்கிறது; அடியில் சொட்டு வைத்தபோது என் விரலிலிருந்து ஒட்டிய வேர்வை அழகாகப் பிரிந்து ஏறியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் பிறந்த உயிர் அதுதான்.

“நூறு தடவை சொன்னேன், இடுக்கியால எடுன்னு” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வருத்தப்படவில்லை. கதவைச் சாத்தினேன். “என் பேரைச் சொல்லிடாதடி. லெக்சரர் போஸ்டுக்கு என் அப்ளிகேஷன் அவர் மேஜைலதான் இருக்கு. ஆத்துல எல்லாரும் அதை நம்பிண்டிருக்கா.”

தாள்களைச் சேர்த்து அடுக்கினாள். “கை பட்டிருக்கு. அதான் விசயம். யாரு கைன்னு நானாச் சொல்லமாட்டேன். ஆனா உன்னை நேரா யாரும் கேட்டா, பொய் சொல்லாத.”

சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். அவர் நிதானமாகப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். முதல் தாளின் உச்சியில் இரண்டு அங்குலம் வெட்டினார்.

“ஸ்லைடுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம்மா.”

“சார், ப்ளாங்க்லயும் வந்திருக்கு. பாருங்க.”

“அப்போ ப்ளாங்க்ல ஏதோ தப்பு நடந்திருக்கு.”

வெட்டிய துண்டு குப்பைக் கூடையில் விழுந்தது. அவள் அவர் முன்னாலேயே குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் செயலாளர், வக்கீல்கள், பட்டுப்புடவைகள். தலைவர் அழகாகப் பேசினார். திரையில் ஆறு ஊதாப் புள்ளிகள் பெரிதாகத் தெரிந்தபோது கைதட்டல் ஓயவில்லை. அது ஓயும்வரை காத்திருந்து அவள் எழுந்து நின்றாள்.

“சார், அந்தத் தாள்ல மேல ரெண்டு அங்குலம் வெட்டியிருக்கு. வெட்டின துண்டு இதோ என் கைல இருக்கு. அது விரல் ரேகை. பொறி இல்லாமலே அந்தப் புள்ளி வருது. அது உயிரும் இல்ல, உயிரோட சரக்கும் இல்ல. வேர்வை.”

சலசலப்பு. தலைவர் புன்னகை மாறாமல் சொன்னார்: “எங்க துறைப் பொண்ணுதான். ஓய்வில்லாம உழைச்சிருக்காங்க, பாவம். களைச்சுப் போயிருக்காங்க.”

சிரித்தார்கள். பொருளாதார ஆசிரியர் “உட்காரும்மா, விஞ்ஞானத்துக்குக் குறுக்க நிக்காதே” என்று கத்தினார். சம்ஸ்கிருத ஆசிரியர் திரும்பி, சந்தோஷமாக, “நான் அப்பவே சொன்னேனே, பகவானைத் தவிர வேற யாரால முடியும்?” என்றார்.

அவள் அவர் பக்கம் பாய்ந்தாள். “நான் அதைச் சொல்லல! இந்தத் தடவை வரலைன்னு மட்டும்தான் சொல்லுதேன். வராதுன்னு சொல்லல. உங்க இஷ்டத்துக்கு வளைக்காதீங்க!”

மண்டபத்தில் அவள் பக்கம் ஒருவரும் இல்லை. அப்போது தலைவர் என்னைப் பார்த்தார்.

“நீங்களும் லேப்லதானே இருந்தீங்க? சொல்லுங்க. தாள்ல கை ஏதாவது பட்டுதா?”

எல்லாத் தலையும் திரும்பியது. அவளும் திரும்பினாள். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு எழுந்தேன்.

“எனக்குத் தெரியாது சார்.”

அவள் என்னைத் திட்டவில்லை. வெட்டிய துண்டை நோட்டுக்குள் வைத்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.

கல்லூரி விசாரணை வைத்தது. கவனக்குறைவு என்று முடிவு; அவளுடைய கவனக்குறைவு. அது யார் கை என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வருஷக் கடைசியோடு விலகிக்கொள்ள வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் உதவியாளரை மட்டும் வைத்துக்கொண்டு அவள் மறுபடி எல்லாவற்றையும் அவித்தாள், பூட்டினாள், ஓட்டினாள். என்னிடம் பேச்சே இல்லை. ஒரு நாள் மத்தியானம் அறை வாசலில் வந்து நின்றாள்.

“வா. யாராவது ஒருத்தர் பாக்கணும்.”

மேஜை மேல் இரண்டு தாள்கள். இரண்டின் மேலும் இடுக்கி. ப்ளாங்க் தாள் மருந்து தெளித்துச் சூடாக்கிய பிறகும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றதில் ஒரே ஒரு புள்ளி. மங்கல். உற்றுப் பார்த்தால்தான் தெரியும் ஊதா.

“கிளைசின். அமினோ அமிலத்துல இருக்கதுலயே சின்னது” என்றாள். “இதை யாரும் கொண்டுவந்து வைக்கல. வெறும் தண்ணியும் வாயுவும்தான். வந்திருக்கு.”

தாளை இடுக்கியால் என் பக்கம் நகர்த்தினாள். நம் எல்லாருக்கும் முந்திய ஒன்று, அடையாற்றில் ஒரு மர மேஜையில், மிளகளவு கிடந்தது.

“தலைவர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன். கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, ‘முன்னதை விட இது மங்கலா இருக்கே’ன்னாரு.”

இன்றைக்கும் இந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அவர் படிக்காதவர் இல்லை. அவருக்குத் தெரியும். இதை ஒப்புக்கொண்டால் அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் குடுவைகளைக் கழுவி வைக்க உத்தரவு வந்தது. “என்னால கய்வ முடியாதும்மா” என்று உதவியாளர் நகர்ந்துகொண்டார். அவளே கழுவினாள்.

தலைவரின் கட்டுரை ஒரு தமிழ் விஞ்ஞான மாத இதழில் வந்தது. ஆறு புள்ளிகளின் படத்தோடு. உடன் உழைத்தவர் என்று என் பெயர். நான் லெக்சரர் ஆனேன். ஏழு வருஷம் அந்தப் பதவியில் உட்கார்ந்து, மாணவிகளுக்குச் சோதனை செய்யக் கற்றுக்கொடுத்தேன்.

பிறகு எங்கள் விடுதிப் பெண்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். உள்ளே போனால் மேஜைக்குப் பின்னால் அவள். காதோரம் நரைத்திருந்தது.

“பாட்டிலை அவிச்சுட்டுத்தான் பிடிச்சீங்களா?” என்று நிமிராமலே கேட்டாள்.

“இல்லை.”

“அப்ப இது கிணத்துத் தண்ணியா, பாட்டில் அழுக்கான்னு நான் எப்படிச் சொல்ல?” நிமிர்ந்தாள். அடையாளம் தெரிந்தது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பயம், வீடு, அப்ளிகேஷன், அந்த மண்டபம், அன்றிலிருந்து தூக்கம் வராதது. மன்னித்துவிடு என்றேன். அழுதேன்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லு.”

அவித்த புட்டி இரண்டைக் கொடுத்து, தண்ணீரை மறுபடி எடுத்துவரச் சொன்னாள். தண்ணீரைப் பற்றியதோடு பேச்சு முடிந்தது. கிண்டி ஸ்டேஷன் வரை அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு சொல், ஒரே ஒரு இளகிய சொல், சொல்லியிருக்கலாம் அல்லவா? வீடு போய்ச் சேர்ந்தபோதுதான் உறைத்தது. அவள் இளகியிருந்தால் அன்றோடு எனக்கு எல்லாம் தீர்ந்திருக்கும். நான் ஒன்றுமே எழுதியிருக்கமாட்டேன்.

அந்த மாத இதழுக்கு எழுதினேன். அனுப்புவதற்குள் நாலு தடவை கிழித்தேன். தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் பயந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி போட்டார்கள்: முன்னர் வெளியான சோதனையில் கைபட்டுக் கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று வாசகர் ஒருவர் தெரிவிக்கிறார். ‘நேர்ந்திருக்கலாம்’ இதழ்க்காரர்கள் எழுதியது அல்ல. நான் எழுதியது.

அந்தப் பக்கத்தை வெட்டி அவளுக்கு அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன். நாலாம் நாள் அதே துண்டு திரும்பி வந்தது. கடிதம் இல்லை. ‘நேர்ந்திருக்கலாம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘நேர்ந்தது’ என்று எழுதியிருந்தாள். ‘வாசகர் ஒருவர்’ என்பதன் கீழே கோடு போட்டு, பக்கத்தில் இரண்டே சொல்: ‘யாரு கை?’

துண்டைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். மறுபடி எழுதி அனுப்பினேன், இந்த முறை ஒளிக்காமல். அந்த விவாதம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிட்டார். அதை அவளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி கிண்டிக்குப் போனபோது சோதனைக்கூடத்தை வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாள் என்று கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். திரையில் காட்டிய அந்த ஆறு புள்ளிகளும் என் வலது கட்டை விரலிலிருந்து வந்தவை. அவள் இடுக்கியை எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் எடுக்கவில்லை. பிறகு வந்த அந்த ஒற்றைப் புள்ளி உண்மை. அதை என் கண்ணால் பார்த்தேன். அன்று மண்டபத்தில் என்னைக் கேட்டபோது எனக்குத் தெரியும்.